வெள்ளாவிக்குப் போன கம்பளி

நான் வேலை பார்த்த கட்டைக்கால் பட்டறையில் இப்போது கம்பளியை நிறுத்திவிட்டார்களாம். பஞ்சு போல ஒரு ரப்பர் வந்திருக்கிறதாம். கத்தரிக்கோலால் நறுக்கிப் பசை தடவி ஒட்டினால் வேலை முடிந்ததாம். என்னிடம் வேலை பழகிய பெண்கள் இரண்டு பேர் போன வாரம் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார்கள். சொல்லிவிட்டு, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போல என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அந்த ரப்பரு அன்னிக்கே கெடச்சிருந்தா நான் இன்னாத்துக்கு ஆட்டு மயிரைக் கட்டிகினு அழுவப் போறேன்?" என்றேன். நல்ல சாமான் வந்தால் பழையதை எடுத்து வைத்துவிட வேண்டியதுதான். காலுக்கு வலிக்கக் கூடாது, அவ்வளவுதான். கம்பளியா ரப்பரா என்று காலுக்குத் தெரியாது.

அவர்கள் இன்னொன்றும் கேட்டார்கள். "பெரியம்மா, வேர்த்து ஊத்துற இந்த ஊர்ல கம்பளி வேலை எப்பிடி வந்துச்சி? ஒனக்கு யாரு கத்துக் குடுத்தாங்க?" அதற்கு அன்று அரைகுறையாக ஏதோ சொல்லி அனுப்பினேன். இங்கே முழுதாகச் சொல்கிறேன். தன் கையைப் பற்றித் தானே பெருமை பேசக் கூடாது என்பார்கள். நான் பேசுவேன். செய்தது நான்தானே.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம் அது. வில்லியனூரில் கன்னியர் மடம் ஒன்றில் தையற்கூடம் நடந்தது. என் அப்பா அம்மா இருவரும் வயல் கூலிகள். என்னையும் நடவுக்கு இழுத்துப் போனார்கள். என் கை சொன்ன பேச்சைக் கேட்கும்; இடுப்பு கேட்காது. இரண்டு நாள் பார்த்துவிட்டு அம்மா, "இது சேத்துக்கு ஒதவாத கட்டை" என்று சொல்லி மடத்தில் கொண்டுபோய் விட்டாள். அவள் திட்டிய திட்டுகளிலேயே எனக்கு நல்லது செய்தது அந்த ஒன்றுதான்.

கூடத்தில் பெரும்பாலும் பூவேலை, லேஸ் பின்னல். ஒரு மூலையில் மட்டும் கம்பளி. கப்பலேறிப் பிரான்சுக்குப் போகிறவர்களுக்குக் கழுத்துத்துணி, வெள்ளைக்காரக் குழந்தைகளுக்குத் தொப்பி, காலுறை. ஊரில் எங்களைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. "சித்திரை வெயில்ல கம்பளி பின்றாளுங்க, மாசியில விசிறி விப்பாளுங்களா?" என்பார்கள். கேட்டுக்கொண்டே பின்னுவோம்.

அந்த மூலைக்குத் தலைவி ஒரு பிரெஞ்சுக் கன்னியாஸ்திரி. கன்னியாஸ்திரிகளை நாங்கள் மாசேர் என்று அழைப்போம். இவரை ஊரே 'கம்பளி மாசேர்' என்றது. ஆடு மேய்க்கும் மலை ஊர்க்காரர். கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். தமிழைச் சமையல்காரியிடம் கற்றுக்கொண்டார். அதனால் மாதா கோயில் பெரிய சாமியாரே வந்தாலும் "இன்னா?" என்றுதான் கேட்பார். அதை அவருக்கு யாரும் திருத்திச் சொல்லவில்லை. கேட்க நன்றாக இருந்தது.

மாசேர் திட்ட மாட்டார், அடிக்க மாட்டார், பாராட்டவும் மாட்டார். பின்னியதைக் கொண்டுபோய் நீட்டினால் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். பிறகு மேசையில் விரித்து, இடது கைக் கட்டைவிரலால் ஒவ்வொரு வரிசையாகத் தடவுவார். ஏதாவது ஒரு கண்ணி தவறியிருந்தால் விரல் அங்கே நிற்கும். நூல் முனையைத் தேடிப் பிடித்து இழுப்பார். இரண்டு நாள் வேலை நம் கண்ணெதிரே சரசரவென்று அவிழ்ந்து உருண்டையாகும். அந்த உருண்டையை நம் மடியில் வைத்து, "மறுபடி" என்பார். முகத்தில் கோபமே இருக்காது. அதுதான் தாங்க முடியாது. எண்ணிச் செய்கிறவன் செட்டி, எண்ணாமல் செய்கிறவன் மட்டி என்பார்கள். எண்ணாமல் பின்னிப் பின்னி மட்டியாக இருந்த நான், இரண்டு வருஷத்தில் செட்டியானேன். மூன்றாம் வருஷம் என் பின்னலில் மாசேர் விரல் நிற்காமல் ஓடியது. அன்று வீட்டுக்கு நடக்கும்போது தரையில் கால் பாவவில்லை.

அவரிடம் ஒரு கட்டளை மட்டும் கல்லில் எழுதியது போல. கம்பளிக்கு வெந்நீர் ஆகாது. பச்சைத் தண்ணீரில் அலசி, பிழியாமல், நிழலில் பரப்ப வேண்டும். வெந்நீர் பட்டால் கம்பளி சுருங்கிக் கட்டியாகிவிடும். "வெந்நீர் கம்பளிக்கு வெஷம்" என்று வாரம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார்.

இரண்டாவது பெரிய சண்டை வந்தது. பிரான்சு விழுந்தது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த கப்பல் நின்றது. அதோடு வெள்ளைக் கம்பளி நூலும் நின்றது. மாசேருக்கு வீட்டுக் கடிதமும் நின்றது.  அலமாரியை அடிக்கடி திறந்து, மிச்சம் இருந்த நூல் சிட்டங்களைப் பார்த்து மூடுவார்.

அடுத்த வருஷம் ஆடி மாதத்தில்தான் சொல்தா கோவிந்தசாமி மாட்டு வண்டியில் வந்து இறங்கினார்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்தவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். இவர் முதல் சண்டையில் பிரான்சுக்குப் போய், வலது காலை முட்டிக்குக் கீழே அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். சர்க்கார் அவருக்கு ஒரு கட்டைக்கால் கொடுத்திருந்தது. மேலே தோலால் செய்த கூடு, கீழே மரம். ஊசுட்டேரியின் மதகுக்கு அவர்தான் காவல். மழைக்காலத்தில் கரை முழுக்க நடந்து பார்ப்பதும், மதகின் அடைப்புக் கட்டையைத் தூக்கி இறக்குவதும் வேலை.

வெட்டிய காலின் முனையை எங்கள் பட்டறையில் மிச்சக்கால் என்போம். மொண்டி என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். மிச்சக்காலுக்கும் தோல் கூட்டுக்கும் நடுவே கம்பளி உறை போட வேண்டும். அது வேர்வையை இழுக்கும், அழுத்தத்தைத் தாங்கும். வருஷா வருஷம் பிரான்சிலிருந்து அவருக்கு உறைகள் வந்துகொண்டிருந்தன. கப்பல் நின்றதும் அவையும் நின்றன. பழையவை கிழிந்த பிறகு அவர் மனைவி அஞ்சலை, கிழிந்த வேட்டியைச் சுற்றி அனுப்பியிருக்கிறாள். பருத்தித் துணி வேர்வையில் நனைந்து மடிந்தது. அந்த மடிப்பு முன்னெலும்பின் முனையில் உறுத்திப் புண்ணாகிவிட்டது.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, "தீபாவளி கழித்து வா. அதற்குள் புண் மூடாவிட்டால் முட்டிக்கு மேலே எடுத்துவிட வேண்டியதுதான்" என்று சொல்லியிருந்தார்.

"முட்டி கீதுன்னா நான் மனுசன் மாசேர்" என்றார் சொல்தா. "அதுவும் போச்சுன்னா மூட்டை. யாராவது தூக்கி எறக்கணும். ஒங்க கூடத்துல கம்பளி பின்றாங்கன்னு சொன்னாங்க, வந்தேன்."

ஆண்கள் கூடத்துக்குள் வரக் கூடாது. கிணற்றங்கரையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். அளவெடுக்க எங்களிடம் ஒரு முறை இருந்தது. ஒரு நூலைச் சுற்றிப் பிடித்து, முனை சேரும் இடத்தில் முடிச்சு. கொஞ்சம் கீழே இறக்கி மறுபடி சுற்றி இன்னொரு முடிச்சு. கடைசியில் ஒரே நூலில் காலின் உருவமே இருக்கும். ஆனால் நான் கல்யாணமாகாத பெண். ஆம்பளை காலைத் தொட்டு அளந்தேன் என்று தெரிந்தால் அம்மா என்னை அளந்துவிடுவாள். அதனால் அஞ்சலை நூலைச் சுற்றிப் பிடிக்க, நான் முடிச்சு மட்டும் போட்டேன்.

அஞ்சலைக்குப் புருஷன் மேல் உயிர். வலிக்குமே என்று நூலைத் தொட்டும் தொடாமல் பிடித்திருக்கிறாள். பின்னிய உறை தொளதொளவென்று வந்தது. மாசேர் அதைப் போடச் சொல்லிப் பார்த்தார், முனையைத் தேடினார், இழுத்தார். உருண்டையை என் மடியில் வைத்து, "மறுபடி. நீ அள" என்றார்.

நான் நின்றேன். சொல்தாவுக்குப் புரிந்துவிட்டது. "தங்கச்சி, நான் கண்ணை மூடிக்கிறேன். நான் ஒன்னப் பாக்கல, நீ வெக்கப்படாத. சீக்கிரம் அள, ஈ மொய்க்குது" என்றார். அஞ்சலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். சிரித்துக்கொண்டே அளந்தேன். அந்தக் கால் சூடாக இருந்தது. கை வைத்ததும் லேசாகத் துடித்தது. மனிதர்களின் வலியைக் கையால் தொட்டுப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு எனக்கு வெட்கம் வரவே இல்லை.

இரண்டாவது உறை கச்சிதமாக அமைந்தது. அலமாரியில் இருந்த கடைசி வெள்ளை நூல் அதோடு தீர்ந்தது. "பச்சத் தண்ணியில அலசுக்கா, நெழல்ல போடு" என்று அஞ்சலைக்கு நான் சொன்னேன், மாசேர் சொன்னார், வண்டி ஏறும்போது திரும்பவும் நான் சொன்னேன். புரட்டாசி பிறந்தபோது புண்ணின் ஓரம் காய்ந்து வந்தது. வெண்ணெய் திரண்டு வரும் நேரம். தாழியும் உடைந்தது.

ஆயுத பூசைக்கு மறுநாள் அஞ்சலை மட்டும் வந்தாள். முந்தானைக்குள் கையை விட்டபடி நின்றாள். "இன்னாக்கா?" என்றதும் ஓவென்று அழுதுவிட்டாள். முந்தானைக்குள்ளிருந்து எடுத்ததைப் பார்த்தேன். தேங்காய்த் தொட்டி அளவுக்கு, கெட்டியாக, சப்பையாக ஒரு வெள்ளைப் பொருள்.

"பூசைக்கு வூட்ல எல்லாத் துணியும் வெள்ளாவிக்குப் போச்சி. இது ஒண்ணு மட்டும் வேர்வ நாத்தத்தோட கெடந்துச்சி. சாமி கும்புடுற நாளாச்சே, இத்த மட்டும் தீட்டா வெக்கலாமான்னு ஏகாலி கிட்ட சேத்துப் போட்டுட்டேன். பச்சத் தண்ணின்னு சொன்னீங்களே. ஏகாலி கிட்ட சொல்ல மறந்துட்டேன் தங்கச்சி!"

அஞ்சலை சுத்தமான பெண். எங்கள் பக்கத்தில் சுத்தம் என்றால் வெள்ளாவிதான். உவர்மண்ணில் முக்கி, பானையில் அடுக்கி, ஆவியில் வேகவைத்து, கல்லில் ஓங்கி அடிப்பது. பருத்தி அதற்கெல்லாம் பிறந்தது. கம்பளி கட்டின குடும்பம் எங்கள் ஊரில் ஏது? துணி வெளுக்கிற ஏகாலி மேலும் தப்பில்லை. அவர் தன் தொழிலை நன்றாகவே செய்திருந்தார். உறை பால் வெள்ளையாக இருந்தது.

மாசேர் அதை வாங்கினார். ஜன்னல் பக்கம் பிடித்தார். மேசையில் வைத்து நூல் முனையைத் தேடினார். காணோம். பின்னல் ஊசியின் நுனியால் ஒரு கண்ணியையாவது கிளப்பப் பார்த்தார். ஊசி வழுக்கியது. கண்ணியே இல்லை, எல்லாம் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு தோல் மாதிரி ஆகியிருந்தது. அவிழ்க்க முடியாத ஒன்றை மாசேர் கையில் அன்றுதான் பார்த்தேன். மேசையில் வைத்துவிட்டு மாதா கோயிலுக்குப் போய்விட்டார்.

நான் அதைக் கையில் எடுத்தேன். உள்ளே முஷ்டியை விட்டுப் பார்த்தேன். கட்டைவிரலால் அழுத்தினேன், அமுங்கி, விட்டதும் எழுந்தது. மடித்துப் பார்த்தேன். மடியவில்லை. திரும்பத் திரும்ப மடித்தேன். துணி மடியும், பின்னலும் கொஞ்சம் மடியும். இது மடியவே மாட்டேன் என்றது. சொல்தாவின் காலைத் தின்றது மடிப்புதானே? அளவு சின்னது என்பதைத் தவிர இதில் வேறு என்ன குறை?

"அக்கா, அழுவாத. ஒண்ணும் கெட்டுப்போவல" என்றேன். அஞ்சலை என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

மாசேர் திரும்பி வந்ததும் சொன்னேன். பெரிய பையாகப் பின்னுகிறேன், வெந்நீரில் போட்டு அவர் கால் அளவுக்குச் சுருக்குகிறேன்.

"வெந்நீரு கம்பளிக்கு வெஷம்" என்றார்.

"தெரியும் மாசேர். கெடுக்கணும்னே கெடுக்கப் போறேன்."

"நூலு?"

"கருப்பு மயிரு கீது."

அதைக் கேட்டதும் அவர் முகம் சுளித்தார். சேதராப்பட்டுப் பொட்டலில் குறும்பர்கள் கிடை போட்டிருந்த ஆடுகளின் கருங்கம்பளி அது. வண்டிக்காரர்கள் போர்த்தும் முரட்டுக் கம்பளம் அதில்தான் நெய்வார்கள். மாசேர் ஒரு பிடியை எடுத்துத் தன் தாடைக்குக் கீழே வைத்துத் தேய்த்தார். எந்தக் கம்பளியையும் அவர் அப்படித்தான் சோதிப்பார். கழுத்து சிவந்துவிட்டது. "பாரு. முள்ளு. புண்ணு மேல முள்ளா வெப்ப?" என்று கேட்டார். அவர் கேட்டதும் நியாயம். நானும் வீம்புக்குப் பேசவில்லை. நேரே சேதராப்பட்டுக்கு நடந்து, கிடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். முதல் முடி எடுக்கிற குட்டிகளின் கழுத்தடி மயிர் மட்டும் வேண்டும் என்றேன். "அத்த வெச்சிகினு இன்னாம்மா பண்ணுவ, ஒரு குட்டிக்கு ஒரு பிடி கூட தேறாதே" என்றபடி கத்தரித்துக் கொடுத்தார். மறுநாள் மாசேர் தாடையில் அதைத் தேய்த்தார். சிவக்கவில்லை. "ம்" என்றார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு அந்த 'ம்' போதும்.

குட்டி மயிரைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி, காயவைத்து, பிரித்து, தக்களியில் நூற்றேன். தடித்த ஊசியில் லூசாக, காலைப் போல ஒன்றரை மடங்கு பெரிய பை பின்னினேன். சுருக்குவதற்கு உள்ளே ஒரு அச்சு வேண்டும். அதற்குச் சொல்தாவே வழி சொன்னார். ஏரிக் களிமண்ணைக் குழைத்து ஒரு கூடையில் நிரப்பி, மிச்சக்காலில் பழைய துணி சுற்றி அதில் அழுத்தி எடுத்தார். அந்தப் பள்ளத்தில் சரியாக உட்காரும் வரை பூவரசங்கட்டையைச் செதுக்கினார். "கட்டைக்கால் குடுத்தவன் பிரான்சுக்காரன். காலுக்கே கட்ட செஞ்சவன் நான்தான்" என்று ஒரே பெருமை.

முதல் பை பாழ். கொதிக்கிற தண்ணீரை ஒரேயடியாக ஊற்றி ஒரு பக்கமாகவே அடித்தேன். அந்தப் பக்கம் இறுகி, மறு பக்கம் தொங்கியது. அச்சு உள்ளே மாட்டிக்கொண்டு, அறுத்துத்தான் எடுத்தோம். "உள்ளதும் போச்சுடா நொள்ளக் கண்ணா" என்றார் சொல்தா. அஞ்சலை அவரை முறைத்தாள்.

இரண்டாவதற்கு நிதானம் வந்தது. கை பொறுக்கும் சூட்டில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டைக் கூட்ட வேண்டும். பூந்திக்கொட்டை நுரையோடு இரண்டு உள்ளங்கையாலும் தேய்க்க வேண்டும், அடிக்கக் கூடாது. ஒரு சுற்று தேய்த்ததும் அச்சைக் கால்வாசி திருப்ப வேண்டும். பச்சைத் தண்ணீரில் ஒரு முக்கு, மறுபடி சூடு. கண்ணியின் வரிகள் ஒவ்வொன்றாக மறையும். நகத்தால் கிள்ளினால் இழை பிடிபடாத நிலை வந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஒரு நொடி ஆசைப்பட்டாலும் அச்சோடு ஒட்டிவிடும். என் உள்ளங்கைத் தோல் உரிந்தது. ஆனால் அச்சிலிருந்து கழன்று வந்த அந்தக் கருப்பு உறையைப் பார்த்தபோது எனக்கே என் மேல் மரியாதை வந்தது. தையல் இல்லை, மடிப்பு இல்லை.

இருந்தும் வேலை முடியவில்லை. சொல்தாவின் காலில் மஞ்சள்தூள் தடவி, உறை போட்டு, கட்டைக்கால் மாட்டி நிற்க வைத்தோம். கழற்றி உறையின் உள்ளே பார்த்தால், எங்கே அழுத்துகிறதோ அங்கே மஞ்சள் அப்பியிருக்கும். சரியாகப் புண் இருக்கும் இடத்தில்தான் அதிகம் அப்பியிருந்தது. அந்த இடத்தைச் சுற்றி வெளிப்புறத்தில் மயிர்ப் பஞ்சால் ஒரு வளையம் ஏற்றினால் கூட்டின் அழுத்தத்தை வளையம் வாங்கிக்கொள்ளும், நடுவில் புண் சும்மா இருக்கும். ஆனால் எப்படி ஏற்றுவது? தைத்தால் தையல் ஒரு வரப்பாக நிற்கும். இன்னொரு புண் வரும்.

கோணி ஊசியால் வளையத்தைத் தற்காலிகமாக ஓட்டுத்தையல் போட்டுப் பார்க்க நினைத்தேன். நெல் மூட்டை தைத்துத் தைத்துத் துருவேறிய பழைய ஊசி. ஓரமெல்லாம் செதில் செதிலாக அரித்திருந்தது. குத்தி இழுத்தால் ஊசி வந்தது. அது உள்ளே இழுத்துப்போன மயிர் வரவில்லை. இன்னொரு குத்து. அதுவும் உள்ளேயே தங்கிவிட்டது. நூலை உருவி எறிந்துவிட்டு வெறும் ஊசியால் குத்தத் தொடங்கினேன். குத்தக் குத்தப் பஞ்சாக இருந்த மயிர் உறைக்குள் இறங்கி உறையாகவே ஆனது. சொல்தாவிடம் அரம் வாங்கி ஊசியின் ஓரத்தில் இன்னும் சில வெட்டுப் போட்டுக்கொண்டேன். நேராகக் குத்தி நேராக எடுக்க வேண்டும். சாய்த்தால் ஊசி உடையும். நுனி மறுபக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. பிற்பாடு பட்டறையில் நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் இந்த மூன்று வாக்கியம்தான்.

மாசேர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வெகு நேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். ஊசியைக் கொடுத்தேன். குத்தினார், விரலிலேயே குத்திக்கொண்டார், விரலைச் சப்பிக்கொண்டே மறுபடி குத்தினார். நான் மூன்று வருஷம் படித்ததை அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். இதை நாங்கள் இருவரும் ஒரே நாளில் படித்தோம்.

மறுபடி மஞ்சள் தடவிப் பார்த்தோம். புண் இருந்த இடத்தில் உறை கருப்பாகவே இருந்தது.

தீபாவளி வந்தது. அதற்குள் புண் சுருங்கியது என்று அஞ்சலை ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். மூடியதா என்று கேட்டால் "டாக்டரு பாக்கட்டும்" என்றாளாம். தீபாவளி கழித்து, மழை பிடித்துக்கொண்ட ஒரு நாளில் இருவரும் பட்டணத்துக்கு வண்டியில் போனார்கள். போகும்போது வில்லியனூரில் நிறுத்தக்கூட இல்லை. எனக்கு வேலை ஓடவில்லை. என் கையில் எனக்கு நம்பிக்கை இருந்தது. ஆனாலும் காலுக்கு என் நம்பிக்கை தெரியுமா? முட்டி போய்விட்டால் அந்த மனிதரின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

மாலையில் வண்டிச் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடினேன். மாசேர் எனக்கு முன்னாலேயே மழையில் நின்றிருந்தார். வண்டி வந்தது. உள்ளே யாரும் இல்லை. வைக்கோலும் ஒரு பித்தளைத் தூக்கும்தான் இருந்தன. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள்! மாசேர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். 

"எங்கய்யா அவரு?" என்று வண்டிக்காரரைக் கேட்டேன்.

"அத்த ஏன் கேக்குற! ஆத்துப் பாலத்தாண்டயே எறங்கிட்டாரு. வண்டி வாணாமாம். அந்தம்மா கத்திகினே கொட புடிச்சிகினு பின்னால வருது."

தெருக்கோடியில் முதலில் அஞ்சலையின் குரல்தான் வந்தது. "டாக்டரு இன்னா சொன்னாரு? கொஞ்ச நாளு மெதுவா நடன்னு சொன்னாரா இல்லியா? காதுல வுழுந்துச்சா?" அவளுக்கு முன்னால் சொல்தா நடந்து வந்தார். முழங்கால் மடங்கியது, நிமிர்ந்தது, மடங்கியது. தொப்பலாக நனைந்திருந்தார். வாசலுக்கு வந்ததும் நின்று, முட்டியில் ஒரு தட்டுத் தட்டி, "கீது மாசேர்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் அங்கேயே நின்று அழுதேன். அவ்வளவு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றும் இல்லை.

அஞ்சலை என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சொல்தா மூச்சு வாங்கிக்கொண்டு, "தங்கச்சி, இத்த கேளு. ஆஸ்பத்திரில என்னாட்டம் சொல்தாங்க ரெண்டு பேரு படுத்துகினு கீறாங்க. ஒருத்தனுக்கு நாளான்னைக்கு முட்டிய எடுக்கறதா இருந்துச்சாம். டாக்டரு நிறுத்தி வெச்சிட்டாரு. 'அந்தப் பொண்ணை அளவு நூல எடுத்துகினு வரச் சொல்லு'ன்னாரு" என்றார்.

நான் மாசேரைப் பார்த்தேன். அவர் முக்காட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வண்டிக்காரர் பக்கம் திரும்பி, சமையல்காரியிடம் படித்த தன் தமிழில் சத்தமாகச் சொன்னார்:

"யோவ், மாட்ட அவுக்காத. சேதராப்பட்டு போ. ஆட்டுக்காரன் கிட்ட சொல்லு, குட்டி மயிரு எவ்ளோ கீதோ எல்லாம் மாசேருக்கு வேணும்."